லூலிக்கு ஒரு நல்ல இடம்

வியாழக்கிழமை மத்தியானம், மணப்பெண்ணின் பெரியப்பா சாய்ந்திருந்த தலையணை தானாக நகர்ந்தது. அந்த நொடியில் ஷேக் ராஃபத் தன் இல்லற வாழ்க்கையின் மிகப் பெரிய முடிவை எடுத்தார். இனி இந்த வீட்டில் பாம்பு கிடையாது.

பெரியப்பா துறைமுகத்தில் பளு தூக்கும் இயந்திரம் ஓட்டி ஓய்வு பெற்றவர். சட்டென்று பதறுகிற ஆள் இல்லை. முதலில் பக்கத்தில் இருந்த மைத்துனரை முறைத்தார். மைத்துனர் தன் இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினார். பிறகு பெரியப்பா முதுகுக்குப் பின்னால் கையை விட்டுத் தலையணையை இழுத்தார். தலையணை வரவில்லை. லூலி வந்தது.

லூலி ஒரு மலைப்பாம்பு. மலைப்பாம்பு என்றதும் ஆட்டை முழுசாக விழுங்கும் ஜாதி என்று நினைத்துவிட வேண்டாம். இது சின்ன ஜாதி. ஒரு ஆள் இரண்டு கைகளையும் விரித்தால் எவ்வளவோ அதைவிடக் கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான். விஷம் கிடையாது. பயந்தால் தலையை நடுவில் ஒளித்துக்கொண்டு பந்தாகச் சுருண்டுவிடும். பெரியப்பாவுக்கு இதெல்லாம் தெரியாது. அவரும் பந்தாகச் சுருண்டார்.

நல்ல வேளையாக நிக்காஹ் முடிந்திருந்தது. மாப்பிள்ளையும் பெண்ணின் தகப்பனாரும் கைகோத்து, மேலே வெள்ளைக் கைக்குட்டை போர்த்தி, சொல்ல வேண்டியதைச் சொல்லியாகிவிட்டது. மாப்பிள்ளை அந்தக் கைக்குட்டையோடு சோபா மேல் ஏறி நின்றார். சர்பத் கம்பளத்தில் ஓடியது. பெண் வீட்டார் முன்வாசல் வழியாகவும் பிள்ளை வீட்டார் சமையலறை வழியாகவும் போனார்கள். சமையலறைக்கு வெளிவாசல் இல்லை என்பது அவர்களுக்குப் போன பிறகுதான் தெரிந்தது.

ராஃபத் அலெக்சாந்திரியாவில் முஹர்ரம் பேக் பகுதியில், பெரும்பாலும் தன் வீட்டுக் கூடத்தில் வைத்தே நிக்காஹ் செய்துவைக்கிறவர். அரசாங்க முத்திரை உள்ளவர். அந்தப் பேட்டையில் பாதிப் பேர் அவர் முன்னால் உட்கார்ந்து சம்மதம் சொன்னவர்கள். மீதிப் பாதி, அப்படிச் சொன்னவர்களுக்குப் பிறந்தவர்கள். வீதியில் நடந்தால் காய்கறிக் கடையிலிருந்து முடிவெட்டும் கடைவரை எல்லோரும் "மௌலானா" என்று எழுந்து நிற்பார்கள். இவ்வளவு மரியாதையும் அவர் வீட்டு மாடிப்படிவரை கூடவே வரும். அங்கே நின்றுவிடும்.

அவர் மனைவி இன்ஷிராஹ் பெண்கள் பள்ளியில் உயிரியல் டீச்சர். பள்ளியில் அவளை அப்லா என்பார்கள். பாம்பைப் படத்தில் காட்டிப் பாடம் நடத்துவதோடு நின்றிருந்தவள்தான். மேல் மாடியில் குடியிருந்த பல் மருத்துவ மாணவனுக்கு ஜெர்மனி போக விசா வந்ததில் எல்லாம் ஆரம்பித்தது. அவன் கட்டிலை விற்றான், மோட்டார் சைக்கிளை விற்றான். பாம்பை வாங்க ஆளில்லை. கண்ணாடிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அழுதபடி கீழே வந்தான். ராஃபத் அன்று ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். திரும்பி வந்தபோது, தன்தாவில் வாழ்க்கைப்பட்டுப் போன மகளின் அறையில் பெட்டி இருந்தது. பாம்புக்குப் பேரும் வைத்தாகிவிட்டது. லூலி என்றால் முத்து. முத்துக்கு நாக்கு இரண்டாகப் பிளந்திருக்கும் என்பது ராஃபத்துக்கு அன்றுதான் தெரிந்தது.

அப்புறம் ஊரெல்லாம் செய்தி பரவியது. பாம்பு வளர்ப்பது இளவட்டங்களுக்கு ஒரு மோகம். கழுத்தில் போட்டுப் படம் எடுப்பார்கள், நாலு பேர் பார்த்து வாய் பிளப்பார்கள். பிறகு விசா வரும், அல்லது நிச்சயதார்த்தம் வரும். விசா வந்தாலும் பாம்பு அப்லா வீட்டுக்கு வந்தது. நிச்சயதார்த்தம் நடந்தாலும் வந்தது. பெண் வீட்டார் போடும் முதல் நிபந்தனையே 'பாம்பு ஆகாது' என்பதுதான். அதாவது, ராஃபத் செய்துவைத்த கல்யாணங்களின் பாம்புகள் ராஃபத் வீட்டுக்கே வந்து சேர்ந்தன. விளக்குச் சூட்டில் வயிறு வெந்துபோனது ஒன்று. சட்டை பாதி உரிந்து பாதி ஒட்டிக்கொண்டு நின்றது ஒன்று. செருப்புப் பெட்டியில் போட்டு மாடிப்படியில் யாரோ வைத்துவிட்டுப் போனது ஒன்று. இன்ஷிராஹ் மருந்து தடவித் தேற்றி, ஒவ்வொன்றாக நல்ல வீடு பார்த்து அனுப்புவாள். லூலி மட்டும் போகவே இல்லை. அதை அனுப்பும் பேச்சையே இன்ஷிராஹ் எடுத்ததில்லை.

ராஃபத் இந்த நாலு வருஷமும் நடைவழியில் துடைப்பத்தோடுதான் நடந்தார். குளியலறைக்குப் போவதென்றால் முதலில் துடைப்பம் போகும், பிறகு அவர் போவார். உறைபெட்டியில் முலுகியாக் கீரைப் பொட்டலத்துக்குப் பக்கத்திலேயே பாம்புத் தீனியான எலிகளும் பொட்டலமாக இருந்தன. ஒருநாள் இன்ஷிராஹ் வரத் தாமதமானதால், சமைத்து வைக்கலாமே என்ற நல்லெண்ணத்தில் அவர் ஒரு பொட்டலத்தை எடுத்து வெந்நீரில் போட்டார். அதன் பிறகு அவர் முலுகியா சாப்பிடுவதை விட்டுவிட்டார்.

அப்படிப்பட்டவர் இப்போது பொங்கி எழுந்தார். வாடிக்கைக்காரர்கள் அடுத்த தெரு ஷேக் பரகாத்திடம் போக ஆரம்பித்துவிட்டார்கள். ஷேக் பரகாத் வாயால் எதுவும் சொல்லவில்லையாம். யாராவது ராஃபத் பேரை எடுத்தால், உட்காரும் முன் தலையணையைத் தூக்கிப் பார்த்துவிட்டு உட்காருவாராம். அது போதாதா?

அடுத்த வாரம் ஒரு சாயங்காலம், இன்ஷிராஹ் பள்ளிக்கூடப் பையைக் கீழே வைக்கும் முன்பே அவர் ஆரம்பித்தார். 'ஒன்று பாம்பு இருக்கணும், இல்லே நான் இருக்கணும்' என்பதுதான் டிராமில் மனப்பாடம் செய்துவந்த வசனம். கடைசி நேரத்தில் அதை விழுங்கிவிட்டார். அவள் எதைத் தேர்ந்தெடுப்பாள் என்பதில் ஒரு சின்னச் சந்தேகம் இருந்தது.

"பாம்பு எல்லாம் போகணும், இன்ஷிராஹ். அந்த லூலியும் சேர்த்துத்தான்."

"சரி."

"இதுல வேற பேச்சே கிடை... என்ன சொன்னே?"

"சரின்னு சொன்னேன். உங்க பொழப்பு கெடுது. போகட்டும்."

ராஃபத் தயாரித்து வைத்திருந்த வாதங்கள் அப்படியே நெஞ்சில் அடைத்துக்கொண்டன. இருந்தாலும் ஜெயித்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார்.

"ஆனா ஒண்ணு," என்றாள் அவள், காலணியைக் கழற்றிக்கொண்டே. "போற இடம் நல்ல இடமா இருக்கணும். நீங்களே நேர்ல போய்ப் பாருங்க. ஊர்ல இருக்கிற மாப்பிள்ளை எல்லாரையும் எடை போடுற ஆளு நீங்க. லூலிக்கு ஒரு இடம் பார்க்க மாட்டீங்களா?"

"பாம்புக்கு நான் இடம் பார்க்கணுமா?"

"நான் பார்த்தா எதையாவது சாக்குச் சொல்லித் தட்டிக்கழிப்பேன்னு நீங்கதானே சொல்வீங்க."

அதைத்தான் சொல்லவிருந்தார். அதனால் ஒப்புக்கொண்டார்.

பாம்பு வளர்ப்பவர்கள் கூடிப் பேசும் இணையப் பக்கத்தில் அவள் அப்போதே அறிவிப்புப் போட்டாள். விசாரிக்கிறவர்கள் விவரம் கேட்பார்கள், ராஃபத்துக்கு விவரம் தெரியாது என்பதால், தன் போன் நம்பரையே கொடுத்தாள். கேட்கிறவர்களை வடிகட்டி அவரிடம் அனுப்புவதாக ஏற்பாடு. அறையில் இருந்த ஆரஞ்சு நிறக் குட்டிப் பாம்புகள் இரண்டும் அந்த வாரமே பல்கலைக்கழகத்தில் வேலை பார்க்கும் ஒரு தம்பதியிடம் போயின. ராஃபத் உள்ளுக்குள் துள்ளினார். இனி லூலி மட்டும்தான் பாக்கி.

முதல் அழைப்பு வருவதற்குள் இன்ஷிராஹ் இன்னொன்று சொன்னாள். பெண் பார்க்க வருகிறவர்கள் கேள்வி கேட்டால் பெண்ணின் தகப்பன் முழிக்கலாமா? அதனால் அவர் அறைவாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார், துடைப்பத்தை மடியில் வைத்துக்கொண்டு. அவள் உள்ளே நின்று பாடம் நடத்தினாள். பெட்டியின் ஒரு பக்கம் கதகதப்பாக இருக்க வேண்டும், மறுபக்கம் குளிர்ச்சி. ஒளிந்துகொள்ள ஒரு பொந்து. தண்ணீர் தினமும் மாற்ற வேண்டும். சட்டை உரிக்கும்போது கண் பால்போல வெளுக்கும், அப்போது தொடக்கூடாது. எலியை நன்றாக உருக்கிச் சூடாக்கி இடுக்கியால் நீட்ட வேண்டும். தின்றபின் தொந்தரவு செய்யக்கூடாது.

"நம்ம வீட்டுல சாப்பிட்ட பிறகு யாராவது என்னைத் தொந்தரவு பண்ணாம இருந்திருக்காங்களா?" என்று ராஃபத் கேட்டார்.

"நீங்க எலி தின்னுட்டு வாங்க, நானும் தொந்தரவு பண்ணலே," என்றாள்.

முதலில் கேட்டவர் சீதி பிஷ்ரில் கல்யாண மண்டபம் வைத்திருக்கும் ஷுக்ரி. ராஃபத் போய்ப் பார்த்தார். மண்டபம் முழுக்கத் தங்கக் காகிதம், செயற்கை அருவி, அன்னம் மாதிரி நாற்காலி. புதுமணத் தம்பதியின் கழுத்தைச் சுற்றி லூலியைப் போட்டுப் படம் எடுத்தால் அமோகமாக இருக்கும் என்றார் ஷுக்ரி. ஒரு ராத்திரிக்கு எத்தனை ஜோடி என்று ராஃபத் கேட்டார். சீசனில் நாலைந்து தேறும், ஒவ்வொரு ஜோடிக்கும் சொந்தபந்தம் வேறு இருக்கிறது என்றார் அவர். ராஃபத் மேளக்காரர்களைப் பார்த்தார், கண்ணைக் குத்தும் விளக்குகளைப் பார்த்தார். மாட்டேன் என்று எழுந்து வந்துவிட்டார். வீட்டில் வந்து சொன்னபோது இன்ஷிராஹ் வருத்தப்பட்டாள். "பரவாயில்லே, மண்டபம் பெருசுதானே" என்றாள். பெருசா இருந்தா ஆயிற்றா என்று அவர் எரிந்து விழுந்தார். அந்தச் சத்தத்தில் ஒரு உயிர் எப்படி நிம்மதியாக இருக்கும்? சொல்லிவிட்டு, தான் சொன்னதைத் தானே கேட்டுக் கொஞ்சம் திகைத்தார்.

அடுத்தவன் ஹைதம் என்ற இளைஞன். ராஃபத் நிக்காஹ் செய்துவைத்தவன்தான், அதனால் மரியாதையாக உட்காரவைத்து ஏலக்காய்க் காபி கொடுத்தான். ஒரு வாரம் இருந்துவிட்டுப் போகிறேன் என்று வந்த மனைவியின் தாயார் ஒரு வருஷமாகியும் போகவில்லையாம். பாம்பு இருந்தால் கிளம்பிவிடுவார் என்று நம்பினான். ராஃபத்துக்கு அவன் மேல் இரக்கம் பொங்கியது. ஆணுக்கு ஆண் உதவாவிட்டால் வேறு யார் உதவுவது? ஒப்புக்கொள்ள வாயைத் திறந்தார். ஆனால் வாயிலிருந்து வந்தது வேறு கேள்வி.

"எங்கே வைப்பே?"

"பால்கனியில, மௌலானா. காத்தோட்டமா இருக்கும்."

"குளிர்காலத்துல?"

"பாம்புதானே, மௌலானா."

ராஃபத் காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். மாமியாரைச் சமாளிக்கத் துப்பில்லாதவன் மலைப்பாம்பை எப்படிக் காப்பாற்றுவான் என்று படியிறங்கும்போது முணுமுணுத்தார்.

நவம்பரில் 'துடைப்பம்' வந்தது. அலெக்சாந்திரியாவில் ஒவ்வொரு புயலுக்கும் ஒரு பேர் உண்டு. இது ஊரையே கூட்டித் தள்ளுகிற புயல் என்பதால் துடைப்பம். ராஃபத் கையிலும் ஒன்று இருந்தது, ஆனால் அது இதன் முன்னால் எம்மாத்திரம்? இன்ஷிராஹ் அன்று தன் அக்காவைப் பார்க்கக் கஃப்ர் அத்தவ்வார் போயிருந்தாள். கடல் சாலைமேல் ஏறியது, ரயில் நின்றது, மத்தியானமே இருட்டியது. மின்சாரம் போயிற்று.

போன் வந்தது.

"ராஃபத், கரண்ட் இருக்கா?"

"இல்லே. நீ பத்திரமா இரு. எனக்கு ஒண்ணும் இல்லே, மெழுகுவத்தி இருக்கு, ரொட்டி இருக்கு."

"உங்களைக் கேக்கலே. லூலி பெட்டி எவ்வளவு சூடு காட்டுது?"

அவர் துடைப்பத்தோடு போய் எட்டிப் பார்த்தார். முள் இறங்கிக்கொண்டே போனது. வெந்நீர்ப் புட்டியைத் துணியில் சுற்றி உள்ளே வைக்கச் சொன்னாள். வைக்கலாம்தான். ஆனால் சமையல் வாயு தீர்ந்திருந்தது. புது உருளை கொண்டுவருகிறவனின் வண்டி எந்தத் தெருவில் மிதக்கிறதோ. அதை அவளிடம் சொன்னார். பிறகு இன்ஷிராஹ் பேசினாள். குரல் டீச்சர் குரலாக இல்லை.

"ரொம்பக் குளிர்ந்தா அதுக்கு நெஞ்சுல சளி கட்டும். அப்புறம் காப்பாத்துறது கஷ்டம். உடம்புச் சூடு இருந்தாப் போதும், ராஃபத். அங்கிக்குள்ள விட்டுக்குங்க."

"யாரோட அங்கிக்குள்ள?"

"வீட்டுல வேற யார் இருக்கா?"

அவர் பதில் யோசிப்பதற்குள் அவள் போனில் மின்சக்தி தீர்ந்து பேச்சு அறுந்தது.

ராஃபத் நாற்காலியில் உட்கார்ந்தார். எழுந்தார். மறுபடி உட்கார்ந்தார். கண்ணாடிக்குப் பின்னால் லூலி தன் பொந்திலிருந்து பாதி வெளியே வந்து, சூடு இருந்த மூலையைத் தேடி முகத்தால் தடவிக்கொண்டிருந்தது. அங்கே சூடு இல்லை. இன்னொரு தரம் தடவியது. பிறகு அசையாமல் கிடந்தது. அது அவரைப் பார்க்கவில்லை, எதையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர் மறுத்திருப்பார்.

தெரிந்த துஆவையெல்லாம் ஓதினார். கண்ணை மூடிக்கொண்டு, அவள் சொல்லித்தந்தபடி ஒரு கையை நடுவுடலுக்கும் ஒரு கையை வால் பக்கத்துக்கும் கீழே கொடுத்துத் தூக்கினார். வழவழவென்று ஈரமாக இருக்கும் என்று நாலு வருஷமாக நினைத்திருந்தார். உலர்ந்திருந்தது. நல்ல தோல்பை மாதிரி. ஜில்லென்றிருந்தது. கம்பளி உள்சட்டைக்கும் நீண்ட அங்கிக்கும் நடுவில் விட்டுக்கொண்டார். லூலி அவர் இடுப்பை ஒரு சுற்றுச் சுற்றி, தலையை அக்குளில் நுழைத்துக்கொண்டு அடங்கியது. ராஃபத் மூச்சு விடலாமா என்று யோசித்து, கொஞ்சம் கொஞ்சமாக விட்டார்.

அப்போதுதான் கதவைத் தட்டினார்கள்.

ஒரு கப்பல் மாலுமி, ஒரு நர்ஸ், இரண்டு குடும்பம், எல்லோரும் நனைந்து சொட்டிக்கொண்டு. மாப்பிள்ளைக்கு விடிந்தால் கப்பல், போனால் எட்டு மாதம். ஷேக் பரகாத்திடம் போனார்களாம், அவர் மழைக்குப் பயந்து கதவையே திறக்கவில்லை. கல்யாணம் இன்று நடக்காவிட்டால் பெண்ணின் அண்ணன் மனம் மாறிவிடுவான் என்று மாப்பிள்ளையின் தாயார் காதோடு சொன்னார். ராஃபத்துக்கு அவர்களைத் திருப்பி அனுப்ப மனம் வரவில்லை. அந்தப் பெண் நடுங்கிக்கொண்டிருந்தாள். உட்காருங்கள் என்றார். எல்லோரும் தலையணையைத் தூக்கிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார்கள்.

"அந்தப் பாம்பு இப்ப இல்லையே, மௌலானா?" என்றான் அண்ணன்.

"அது பெட்டியில இல்லே," என்றார் ராஃபத். பொய் சொல்லவில்லை.

மெழுகுவத்தி வெளிச்சத்தில் காரியம் ஆரம்பித்தது. கைகள் கோத்தன, கைக்குட்டை விழுந்தது. ராஃபத் ஓத ஆரம்பித்ததும் அவர் வயிறு இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் போயிற்று. சூடு ஏற ஏற லூலிக்கு உற்சாகம் ஏறியது. மாப்பிள்ளையின் மாமா வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மௌலானாவுக்கு வயிறு சரியில்லையா என்று அக்கறையாக விசாரித்தார். காலையில் மொச்சைக்கொட்டை சாப்பிட்டேன் என்றார் ராஃபத். மாமா புரிந்ததுபோல் தலையாட்டி, கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டார். ராஃபத்துக்கு விலாவில் கூச்சம் எடுத்தது. மணவாழ்க்கையின் பொறுப்புகளைப் பற்றி அவர் வழக்கமாகச் சொல்லும் உருக்கமான புத்திமதியைச் சிரித்துக்கொண்டே சொல்லும்படி ஆயிற்று. இவ்வளவு மகிழ்ச்சியாக நிக்காஹ் செய்துவைக்கும் ஆளைப் பார்த்ததே இல்லை என்று மாப்பிள்ளையின் தாயார் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கையெழுத்துப் போடக் குனிந்த மணப்பெண் மட்டும் சற்று நின்றாள். நர்ஸ் அல்லவா, கண் கூர்மை. அவர் பக்கம் சாய்ந்து, யாருக்கும் கேட்காமல் சொன்னாள்:

"வாலை உள்ளே விட்டுக்குங்க, மௌலானா."

ராஃபத் விட்டுக்கொண்டார்.

மறுநாள் காலை மழை ஓய்ந்து இன்ஷிராஹ் வந்தாள். முழங்கால்வரை சேறு. ராஃபத் நாற்காலியிலேயே தூங்கிப்போயிருந்தார். கழுத்துப்பட்டி வழியாக லூலியின் தலை வெளியே வந்து, அவர் தாடியில் சாய்ந்திருந்தது. இன்ஷிராஹ் பையைக் கீழே வைத்தாள். நின்று பார்த்தாள். பிறகு சத்தமில்லாமல் போய் தெருமுனைக் கடையிலிருந்து தேநீர் வாங்கிவந்தாள், ராஃபத்துக்குப் பிடித்தபடி சர்க்கரை தூக்கலாக.

அதன் பிறகு துடைப்பம் சமையலறைக்குப் போய்விட்டது. ஆனால் வீறாப்பு எங்கும் போகவில்லை. இடம் கிடைக்கிறவரைதான், கிடைத்ததும் அனுப்பிவிடுவேன் என்று கேட்டவரிடமும் கேட்காதவரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். காலையில் லூலிக்குத் தண்ணீர் மாற்றிவிட்டுத்தான் தன் தேநீரைத் தொட்டார். அதுவும் இடம் கிடைக்கிறவரைதான்.

மூன்றாவதாக பஹ்ரி பக்கத்திலிருந்து ஓய்வுபெற்ற கப்பல் கேப்டன் லபீப் கூப்பிட்டார். ராஃபத் போய்ப் பார்த்தார். உயர்ந்த கூரை வைத்த வீடு. அறையளவு கண்ணாடிப் பெட்டி. மின்சாரம் போனால் ஓட இயந்திரம். பேச்சில் பணிவு, கையில் நிதானம். ராஃபத் பெட்டியின் மூலைமுடுக்கெல்லாம் தடவிப் பார்த்தார். தாழ்ப்பாளை ஆட்டிப் பார்த்தார். ஒரு குறையும் இல்லை. மனசுக்குள் ஏதோ கனத்தது. எழுந்து, சரி என்று சொல்ல இருந்தார். அந்த நேரம் திரைக்குப் பின்னாலிருந்து ஒரு பூனை வந்தது. அதன் பின்னால் இன்னொன்று.

"பூனை இருக்கா?" என்றார் ராஃபத்.

"ஏழு இருக்கு. போன்லயே அப்லாகிட்ட சொல்லிட்டேனே," என்றார் கேப்டன்.

வீடு திரும்பும் வழியில் டிராமில் ராஃபத் தன்னையறியாமல் ஏதோ பாட்டை முணுமுணுத்தார். பக்கத்தில் இருந்தவர், மௌலானா வீட்டில் ஏதாவது விசேஷமா என்று கேட்டார். இடம் தட்டிப்போன சந்தோஷம் என்று எப்படிச் சொல்வது?

டிசம்பரில் லூலி சாப்பாட்டை நிறுத்தியது. எலியை நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொண்டது. குளிர்காலத்தில் இந்த ஜாதி அப்படித்தான், உடம்பு இளைக்காதவரை கவலையில்லை என்று இன்ஷிராஹ் சொன்னாள். ராஃபத் நம்பவில்லை. அவருக்கே சோறு இறங்கவில்லை. எலியைச் சூடாக்கிப் பார்த்தார், இன்னும் சூடாக்கிப் பார்த்தார், இரண்டு நல்ல வார்த்தை சொல்லிப் பார்த்தார். இதைப் போய் மனைவியிடம் சொன்னால் சிரிப்பாள். அவள் வழக்கமாகப் போகும் டாக்டரிடம் போனாலும் அவள் காதுக்குப் போய்விடும். அதனால் அவள் பள்ளிக்குப் போனதும் லூலியைத் துணிப்பையில் விட்டு, பையை அங்கிக்குள் கட்டிக்கொண்டு, ஸ்மூஹாவில் இருந்த டாக்டர் மிலாதிடம் போனார். ஊர்வனவற்றுக்கு அவரைப்போல் வைத்தியர் இல்லை என்று கேப்டன் சொல்லியிருந்தார்.

டாக்டர் மிலாத் லூலியை எடை பார்த்தார். வாயைத் திறந்து பார்த்தார். மூச்சைக் காது வைத்துக் கேட்டார். ராஃபத் அதற்குள் அவரிடம் லூலியின் சரித்திரம் முழுவதையும், எந்தப் பக்கம் சாய்ந்து தூங்கும் என்பது உட்பட, ஒப்பித்து முடித்திருந்தார். ஒன்றுமில்லை, கல்லுப்போல் இருக்கிறது, பசி வந்தால் தானே சாப்பிடும் என்றார் டாக்டர். ராஃபத் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"லூலியா?" என்றார் டாக்டர் திடீரென்று. "முஹர்ரம் பேக் லூலியா? நான் உங்க வீட்டுக்குப் போன் பண்ணினேனே. அறிவிப்புப் போட்ட மறுநாள் காலையிலேயே. நான்தான் முதல் ஆளா இருப்பேன். தனி அறையே தயாரா வச்சிருந்தேன்."

ராஃபத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. "என்ன சொன்னாங்க?"

"உங்க மனைவிதான் எடுத்தாங்க. மன்னிச்சுக்குங்க டாக்டர், எங்க வீட்டுக்காரர் உயிரே போனாலும் லூலியை விட்டுக்குடுக்க மாட்டார்னு சொல்லிட்டாங்க. இப்ப உங்களைப் பார்த்ததும் புரியுது." டாக்டர் பையின் வாயைக் கட்டிக்கொண்டே சிரித்தார். "இருந்தாலும் கேக்கறேன். அந்த அறை இன்னும் காலியாத்தான் இருக்கு. குடுக்கறீங்களா?"

அறிவிப்புப் போட்ட மறுநாள். ராஃபத் நினைத்துப் பார்த்தார். அன்று அவர் துடைப்பத்தை முன்னால் அனுப்பிக் குளித்த நாள். தங்கக் காகித மண்டபத்துக்கும் மாமியார்க்காரன் வீட்டுக்கும் இன்னும் போகாத நாள். இந்த ஊரிலேயே சிறந்த இடம் முதல் காலையிலேயே வாசலுக்கு வந்து திரும்பிப் போயிருக்கிறது. வடிகட்டி அனுப்புகிறேன் என்றாளே, சக்கையைத்தான் இவரிடம் அனுப்பியிருக்கிறாள்.

டாக்டரின் கேள்விக்கு ஏதோ பதில் சொல்லிவிட்டு வெளியே வந்தார். டிராம் ஒவ்வொரு நிறுத்தத்தைத் தாண்டும்போதும் அவர் கோபம் ஒரு படி ஏறியது. இத்தனை வருஷம் எத்தனை பேருக்கு, புருஷனிடம் எதையும் மறைக்காதே என்று புத்திமதி சொல்லியிருப்பார். இன்று விடப்போவதில்லை.

வீட்டில் எண்ணெய் வாசனை. இன்ஷிராஹ் பள்ளியிலிருந்து வந்து மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். அவர் சமையலறை வாசலில் நின்றார்.

"டாக்டர் மிலாத் போன் பண்ணினாராமே."

அவள் திரும்பவில்லை. "பண்ணினார்."

"முதல் நாளே."

"ஆமா, முதல் நாளே."

"நான் லூலியைக் குடுக்க மாட்டேன்னு சொன்னியாமே."

"சொன்னேன்."

"அன்னிக்கு நான் அதைத் தொட்டதுகூடக் கிடையாது. நடைவழியில தனியா நடந்தது கிடையாது. எப்படி அப்படி ஒரு பொய் சொல்ல மனசு வந்துச்சு, இன்ஷிராஹ்?"

அவள் மீனைத் திருப்பிப் போட்டாள். அடுப்பைத் தணித்தாள். பிறகு திரும்பி, அவர் அங்கிக்குள் புடைத்துக்கொண்டிருந்த பையையும், குளிர் படாமல் அதை அணைத்துப் பிடித்திருந்த அவர் கையையும் பார்த்தாள்.

"இன்னிக்கும் கேட்டிருப்பாரே. குடுத்தீங்களா?"

ராஃபத்தின் கை பையை இன்னும் கொஞ்சம் அணைத்தது. பை மெல்ல ஒரு சுற்றுச் சுற்றி அவர் விலாவில் சாய்ந்தது.

"கையைக் கழுவிட்டு வாங்க," என்றாள் அவள். "மீன் ஆறுது."